பைக் ரேடியேட்டரைக் கழுவி கூலண்ட் மாற்றுவது எப்படி?

செயினுக்கு லூப்ரிகண்ட் போடுவார்கள், என்ஜின் ஆயிலைத் தாங்களே மாற்றுவார்கள், பிரேக் பேடுகூட மாற்றிவிடுவார்கள்; ரேடியேட்டர் பக்கம் மட்டும் போக மாட்டார்கள். பைக் வைத்திருக்கும் பலரிடம் இந்தத் தயக்கத்தைப் பார்க்கிறேன். என்ஜின் சூட்டை வாங்கி ரேடியேட்டரில் ஆற்றும் திரவம்தான் கூலண்ட்; அதை மாற்றுவது அப்படிப் பயப்பட வேண்டிய வேலை இல்லை. பழையதை வடிக்கக் கால் மணி நேரம் போதும். கவனம் வேண்டிய இடங்கள் இரண்டுதான். உள்ளே எந்தத் தண்ணீரை விடுகிறோம் என்பது ஒன்று. உள்ளே சிக்கிய காற்றை முழுதாக வெளியேற்றினோமா என்பது இன்னொன்று. ஆகவே இந்த இரண்டையும் விரிவாகச் சொல்லி, மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டிக்கு இது பொருந்துமா என்று பாருங்கள். 2008இல் யமஹா ஆர்15 வந்த பிறகுதான் ரேடியேட்டர் வைத்த பைக் நம் சாலைகளில் சாதாரணமாகக் கண்ணில் படத் தொடங்கியது. 2012இல் டியூக் 200, பல்சர் 200 என்எஸ் இரண்டும் வந்தன. டிவிஎஸ்ஸின் அப்பாச்சி ஆர்ஆர் 310, 2023இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எல்லாம் இந்த வகைதான். ஆனால் என்ஜினுக்கு முன்னால் சல்லடை மாதிரித் தெரிவதெல்லாம் ரேடியேட்டர் அல்ல. இன்டர்செப்டர் 650, அப்பாச்சி ஆர்டிஆர் 200 போன்றவற்றில் அந்த இடத்தில் இருப்பது ஆயில் கூலர்; அதற்குள் ஓடுவது என்ஜின் ஆயில். லோ, ஃபுல் என்று இரண்டு கோடு போட்ட சிறிய பிளாஸ்டிக் டப்பா வண்டியில் எங்காவது இருந்து, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று ரேடியேட்டர் மூடிக்கு அடியில் போய்ச் சேர்ந்தால், உங்களுடையது கூலண்ட் வண்டி. அந்த டப்பாதான் ரிசர்வ் டேங்க்.

உள்ளே என்ன நடக்கிறது

என்ஜின் ஓடும்போது வாட்டர் பம்ப் கூலண்டைத் தள்ளுகிறது. அது சிலிண்டரையும் அதன் மேல்பகுதியான ஹெட்டையும் சுற்றி வந்து சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே காற்று பட்டு ஆறி மீண்டும் பம்புக்கே வருகிறது. நடுவில் தெர்மோஸ்டாட் என்று ஒரு கதவு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது இது மூடியே இருக்கும்; பெரும்பாலான வண்டிகளில் 80 டிகிரி செல்சியஸை ஒட்டித் திறக்கத் தொடங்கும். இதை நினைவில் வையுங்கள். கழுவும்போதும் காற்றை எடுக்கும்போதும் இந்தக் கதவு திறக்கும் வரை என்ஜினை ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் பாதி வழியில்தான் தண்ணீர் சுற்றும்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. பார்க்கச் சாதாரண மூடி, ஆனால் செய்யும் வேலை குக்கர் வெயிட்டின் வேலை. மேலே 0.9 அல்லது 1.1 என்று ஓர் எண் பொறித்திருக்கும். அந்த அளவு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் வரை உள்ளே அடக்கி வைக்கும். 1.1 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறத்தாழ 120 டிகிரியில்தான் கொதிக்கும். சரிபாதி கூலண்ட் கலவை 130ஐ நெருங்கிய பிறகுதான் கொதிக்கும். அழுத்தம் அளவைத் தாண்டினால் மூடியின் ஸ்பிரிங் வழிவிட்டு, மிச்சத்தை ரிசர்வ் டேங்குக்கு அனுப்பும். என்ஜின் ஆறும்போது மூடியின் நடுவில் உள்ள குட்டி வால்வு திறந்து, அனுப்பியதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

இதனால்தான் சூடான என்ஜினில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே 110 டிகிரியில் அமைதியாக இருக்கும் கூலண்ட், அழுத்தம் போன அந்த நொடியே கொதித்து ஆவியாகி முகத்துக்கும் கைக்கும் பாயும். துணியைப் போட்டு மெல்லத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். இரவு நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுங்கள். அதுதான் சரியான நேரம்.

வெறும் தண்ணீர் போதாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நம் ஊரில் பனியா கொட்டுகிறது, உறையாமல் காக்கும் ஆன்டிஃப்ரீஸ் எதற்கு? ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும், லடாக் போகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய குளிர் காத்திருக்கிறது, அதை விடுங்கள். சமவெளியை விட்டு நகராத வண்டிக்கும் கூலண்ட் வேண்டும். உறையாமல் காப்பது அதன் வேலைகளில் ஒன்று மட்டும்தான்.

கூலண்ட் என்பது எத்திலீன் கிளைகால் என்ற திரவம், தண்ணீர், துரு தடுக்கும் ரசாயனங்கள் ஆகியவற்றின் கலவை. என்ஜினும் ரேடியேட்டரும் அலுமினியம், பம்புக்குள் இரும்பு, ரப்பர், வேறு உலோகங்கள். வெவ்வேறு உலோகங்கள் ஒரே தண்ணீரில் நனைந்து கிடந்தால் ஒன்று மற்றொன்றை அரிக்கும். அதைத் தடுப்பது அந்த ரசாயனங்கள்தான். கிளைகால் ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கலாம், இந்த ரசாயனங்கள் தீர்ந்துபோகும். கூலண்ட் பச்சையாகப் பளிச்சென்று தெரிந்தாலும் குறித்த காலத்தில் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பல வண்டிகளுக்கு இரண்டு ஆண்டு ஒரு பொதுவான கெடு. உங்கள் வண்டிக்கு என்ன என்பதை ஓனர்ஸ் மேனுவலில் பாருங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இந்த வேலையில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருப்பது இதில்தான். போர் தண்ணீர் வேண்டாம். கார்ப்பரேஷன் தண்ணீர் வேண்டாம். கேன் தண்ணீரும் வேண்டாம். வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். படிந்த இடத்தில் சூடு வெளியேறாது. கடலோர ஊர்களில் நிலத்தடி நீரில் உப்பும் சேர்ந்திருக்கும். அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் குழி குழியாகத் துளைக்கும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் இவற்றைவிட மேல்தான். ஆனால் நம் வீட்டு ஆர்ஓ கருவிகளில் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலக்கும் திருகு ஒன்று உண்டு. அதனால் அதையும் நம்ப முடியாது.

வாங்க வேண்டியது டிஸ்டில்டு வாட்டர், அல்லது மினரல் நீக்கிய தண்ணீர். பேட்டரி கடையிலும் ஆட்டோமொபைல் ஸ்பேர்ஸ் கடையிலும் ஐந்து லிட்டர் கேனாகவே கிடைக்கும். பேட்டரி தண்ணீர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ஒன்றை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்: அதே கடையில் பேட்டரி ஆசிடும் இதே போன்ற கேனில்தான் இருக்கும். லேபிளைப் படித்து வாங்குங்கள்.

எந்தக் கூலண்ட்?

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை, நீலம், சிவப்பு, ஆரஞ்சு எல்லாம் தயாரிப்பவர் சேர்க்கும் சாயம். ஒரே நிறத்தில் முற்றிலும் வேறு ரசாயனங்கள் கொண்ட இரண்டு கூலண்ட் இருக்கலாம். மேனுவலில் குறிப்பிட்டிருக்கும் வகையை வாங்குங்கள். லேபிளில் அலுமினிய என்ஜினுக்கு ஏற்றது என்றும் சிலிக்கேட் இல்லாதது என்றும் இருந்தால் பெரும்பாலான பைக்குகளுக்குப் பொருந்தும். சிலிக்கேட் கலந்த பழைய வகைக் கூலண்ட் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்பதால் பைக் கம்பெனிகள் பல அதைத் தவிர்க்கச் சொல்கின்றன. இருக்கும் கூலண்ட் எந்த வகை என்று தெரியாமல் மேலே இன்னொன்றை ஊற்றுவதும் வேண்டாம். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் பாதுகாக்கும் சக்தி குறையும், சிலது திரிந்து கட்டிதட்டும்.

அடுத்து, ரெடிமிக்ஸா கான்சென்ட்ரேட்டா என்று லேபிளில் பாருங்கள். ரெடிமிக்ஸ் என்றால் அப்படியே ஊற்றலாம். கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு கலக்க வேண்டும்; சரிபாதி என்பது வழக்கமான அளவு. கூலண்டை அதிகம் சேர்த்தால் வண்டி இன்னும் குளிர்ச்சியாக ஓடும் என்று நினைக்க வேண்டாம். சூட்டைச் சுமப்பதில் தண்ணீரே கிளைகாலைவிட வல்லது. கலக்காத கான்சென்ட்ரேட்டை அப்படியே ஊற்றினால் வண்டி அதிகமாகத்தான் சுடும்.

எடுத்து வைக்க வேண்டியவை

கூலண்ட் இரண்டு லிட்டர், டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் இருந்தால் 400 சிசி வரையிலான ஒற்றை சிலிண்டர் வண்டிக்குத் தாராளம். உள்ளே பிடிக்கும் சரியான அளவு மேனுவலில் இருக்கும். சின்ன வண்டிகளில் ஒரு லிட்டருக்கும் குறைவு, 400 சிசி பக்கம் போனால் ஒரு லிட்டருக்கு மேல். கூலண்டை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டுக்கு ஒரு புது வாஷர், பொருந்தும் டி ஸ்பேனர் அல்லது சாக்கெட், பிளாஸ்டிக் கழற்ற ஆலன் கீ, அகலமான டிரே, மெல்லிய மூக்குள்ள புனல், பழைய துணி, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. வடித்ததைப் பிடித்து வைக்க மூடியுள்ள காலி கேன் ஒன்று. வடித்த கூலண்டின் அளவை அளந்து பார்க்க ஏதாவது அளவுக் குவளையும் இருந்தால் நல்லது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நாயும் பூனையும் சின்னக் குழந்தைகளும் வந்து போகும் இடமாக இருந்தால் அதற்கு முதலில் ஏற்பாடு செய்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும். தரையில் சிந்தியதை நாய் நக்கிவிடும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிரை எடுக்கும் விஷம் அது. சிந்தினால் அந்த நிமிடமே துணியால் ஒற்றி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வடிப்பது

பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடாக் ஸ்டாண்டில் வண்டியை நேராக நிறுத்துங்கள். ஸ்டாண்ட் இல்லை என்றால் சைடு ஸ்டாண்டிலேயே செய்யலாம், இடையில் ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். சாவியைக் கையோடு எடுத்து வைத்துவிடுங்கள். ரேடியேட்டர் ஃபேனுக்குப் பக்கத்தில் விரல் போகும் வேலை இது. ஆர்15, கேடிஎம் ஆர்சி, ஆர்ஆர் 310 போன்ற வண்டிகளில் ஃபேரிங் எனும் பெரிய பிளாஸ்டிக் உறையைக் கழற்ற வேண்டும். மற்றவற்றில் ரேடியேட்டரின் பக்கவாட்டு பிளாஸ்டிக்கை எடுத்தால் போதும். கழற்றிய போல்ட்டுகளை எடுத்த வரிசையிலேயே ஒரு காகிதத்தின் மேல் வையுங்கள், நீளம் மாறி மாறி இருக்கும்.

டிரெயின் போல்ட்டைக் கண்டுபிடிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். கூலண்ட் வடிக்கப் போய் ஆயில் போல்ட்டைத் திறப்பது அடிக்கடி நடப்பதுதான். ரேடியேட்டரின் அடியிலிருந்து கிளம்பும் தடித்த ஹோஸைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். அது என்ஜின் பக்கத்தில் ஒரு சின்ன வட்ட மூடிக்குள் போய் முடியும். அதுதான் வாட்டர் பம்ப் கவர். அந்தக் கவரைச் சுற்றியுள்ள போல்ட்டுகளில் பெரும்பாலும் கீழே இருப்பதற்கு மட்டும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் போட்டிருக்கும். அதுதான் டிரெயின் போல்ட். மேனுவல் படத்தோடு ஒப்பிட்டு உறுதிசெய்துகொண்ட பிறகே ஸ்பேனரை வையுங்கள்.

இப்போது ரேடியேட்டர் மூடி. என்ஜின் ஆறிவிட்டதா என்று கவரில் கை வைத்துப் பாருங்கள், பிறகு மூடியை முதல் தடங்கல் வரை மட்டும் திருப்பி ஒரு நொடி நிறுத்துங்கள். உஸ்ஸென்ற சத்தம் ஏதும் வரவில்லை என்றால் அழுத்தம் இல்லை. மீண்டும் மூடிவிடுங்கள். ஆமாம், மூடத்தான் சொல்கிறேன். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு கீழே போல்ட்டை எடுத்தால் கூலண்ட் ஓரடி தூரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும், டிரே ஓரிடத்தில் இருக்கும், அது வேறிடத்தில் விழும். மூடியிருக்கும்போது போல்ட்டை எடுத்தால் மெல்லிய இழையாக ஒழுகும். அந்த இழை விழும் இடத்தில் டிரேயைச் சரியாக வைத்துவிட்டு, மேலே மூடியை மெல்லத் தளர்த்துங்கள். எவ்வளவு தளர்த்துகிறீர்களோ அவ்வளவு வேகமாக வரும். ஓட்டம் நம் கையில் இருக்கும்.

ஒழுகுவது நின்ற பிறகு வண்டியை இரண்டு பக்கமும் மெல்லச் சாயுங்கள். இன்னும் கொஞ்சம் வரும். ரிசர்வ் டேங்கையும் மறக்க வேண்டாம். அதன் குழாயைக் கழற்றியோ டப்பாவையே எடுத்தோ காலி செய்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். அடியில் சேறு மாதிரிப் படிந்திருந்தால் அது திரும்ப ரேடியேட்டருக்குத்தான் உறிஞ்சப்படும்.

வடித்ததைக் கேனில் ஊற்றும் முன் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். நிறம் கொஞ்சம் மங்கித் தெளிவாக இருந்தால் எல்லாம் நலம். துருப்பழுப்பாகவோ வெள்ளைத் துணுக்குகளோடோ இருந்தால் யாரோ எப்போதோ குழாய்த் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஒரு முறைக்கு மூன்று முறை கழுவ வேண்டும். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, பழுப்பு நிறத்தில் குழம்பாக இருந்தாலோ, கழுவுவதை அங்கேயே நிறுத்துங்கள். சிலிண்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டோ பம்ப் சீலோ போயிருக்கலாம். எவ்வளவு புதுக் கூலண்ட் ஊற்றினாலும் அது தீராது, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

அளவும் முக்கியம். மேனுவல் சொல்லும் அளவைவிடக் கணிசமாகக் குறைவாக வந்தால், ஒன்று உள்ளே இன்னும் தங்கியிருக்கிறது, இல்லை எங்கோ ஒழுகியிருக்கிறது. பம்ப் கவருக்கு அடியில் பென்சில் முனை அளவு ஓர் ஓட்டை இருக்கும். அதைச் சுற்றிக் கூலண்ட் காய்ந்த கறை இருந்தால் பம்பின் சீல் தேய்ந்துவிட்டது என்று வண்டியே சொல்கிறது. அந்த ஓட்டையை எம்சீல் வைத்து அடைப்பவர்கள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அடைத்தால் கூலண்ட் என்ஜின் ஆயிலோடு கலக்க வழி தேடும்.

கழுவுவது

பழைய வாஷரோடேயே டிரெயின் போல்ட்டைக் கையால் போட்டு லேசாக முறுக்குங்கள். டிஸ்டில்டு வாட்டரை மெல்ல ஊற்றி நிரப்பி, மூடியைப் போட்டு, என்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலில் விடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சுட்டுவிடும் சூட்டுக்கு வந்ததும், ரேடியேட்டரின் அடிப்பக்க ஹோஸும் வெதுவெதுப்பாகும். அப்போதுதான் தெர்மோஸ்டாட் திறந்திருக்கிறது. அதற்குமேல் ஐந்து நிமிடம் ஓட விட்டு நிறுத்துங்கள். பிறகு முழுதாக ஆறும் வரை காத்திருந்து வடியுங்கள். அவசரப்பட்டுச் சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அலுமினியத்தில் விரிசல் விடலாம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குவது நல்லது.

வெளியே வரும் தண்ணீர் நிறமில்லாமல் வரும் வரை இதைச் செய்ய வேண்டும். ஒழுங்காகப் பராமரித்த வண்டிக்கு இரண்டு முறை போதும். கழுவுவதற்கு ரசாயனம் தேவையா என்றால், நல்ல நிலையில் உள்ள வண்டிக்குத் தேவையில்லை. கழிவறை ஆசிட், சோப்புத்தூள், சமையல் சோடா, வினிகர் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். அலுமினியத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. உள்ளே தங்கும் கொஞ்சமும் புதுக் கூலண்டைக் கெடுக்கும். சுண்ணாம்பு நன்றாகப் படிந்த ரேடியேட்டர் என்றால், அலுமினியத்துக்குப் பாதுகாப்பானது என்று லேபிளிலேயே குறிப்பிட்ட ரேடியேட்டர் ஃபிளஷ் வாங்கி, அதில் சொன்ன நேரத்துக்குமேல் ஒரு நிமிடம்கூட விடாமல் பயன்படுத்துங்கள்.

ஆறக் காத்திருக்கும் நேரத்தில் மற்றவற்றைப் பாருங்கள். மூடியைத் திருப்பி அடியில் உள்ள ரப்பரை விரலால் தடவிப் பாருங்கள். வளையமாகப் பள்ளம் விழுந்து இறுகிப்போயிருந்தால், ஓரத்தில் வெடிப்பு இருந்தால், நடு வால்வைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு கட்டியிருந்தால், புது மூடி வாங்குங்கள். அதே எண் போட்ட மூடியாக இருக்க வேண்டும். பெரிய எண் போட்டால் நல்லது என்று நினைத்து மாற்றினால் ஹோஸ்தான் வெடிக்கும். ஹோஸ்களை அமுக்கிப் பாருங்கள். கிளாம்ப் பக்கத்தில் உப்பியிருந்தாலோ, மடக்கினால் கீறல் தெரிந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. ரேடியேட்டர் இதழ்களுக்கு இடையில் அப்பியிருக்கும் பூச்சியையும் சேற்றையும் பின்பக்கத்திலிருந்து முன்னால் வரும்படி சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். வாட்டர் வாஷ் கடையின் வேகத் தண்ணீரை அதன்மேல் அடிக்க விடாதீர்கள், மெல்லிய இதழ்கள் அப்படியே மடங்கிக் காற்று போகும் வழியை அடைத்துவிடும்.

நிரப்புவதும் காற்றை எடுப்பதும்

கடைசி முறை வடித்த பிறகு புது வாஷரோடு டிரெயின் போல்ட்டைப் போடுங்கள். போல்ட் சின்னது, அது ஏறும் மரை அலுமினியத்தில் வெட்டியது. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள்; எம்6 (6 மில்லிமீட்டர்) போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டரை ஒட்டியே இருக்கும். இல்லை என்றால் குட்டி ஸ்பேனரை நுனியில் பிடிக்காமல் தலைக்குப் பக்கத்தில் பிடித்து, வாஷர் நசுங்கிப் போல்ட் நின்றதும் கையை எடுத்துவிடுங்கள். மரை போனால் பம்ப் கவரே புதிதாக வாங்க வேண்டி வரும்.

எவ்வளவு வடித்தாலும் கழுவிய தண்ணீர் கொஞ்சம் என்ஜினுக்குள் தங்கும். முன்பு அளக்கச் சொன்னது இதற்காகத்தான். வண்டி பிடிக்கும் அளவு 1.2 லிட்டர், உள்ளே 200 மில்லி தண்ணீர் தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பாதிக்குப் பாதி ரெடிமிக்ஸ் ஒரு லிட்டர் ஊற்றினால் கிளைகால் 500 மில்லிதான் சேரும், கலவை 42 சதவீதத்துக்கு இறங்கும். சமவெளிக்கு அது போதும்; 40 சதவீதக் கலவையே ஏறத்தாழ மைனஸ் 24 டிகிரி வரை உறையாது. லடாக் பயணத்துக்குத் தயாராகிறீர்கள் என்றால் கான்சென்ட்ரேட் வாங்குங்கள். 600 மில்லி கான்சென்ட்ரேட்டை முதலில் ஊற்றி, மிச்ச இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்பினால் கணக்கு சரிபாதியாக வந்துவிடும். அது மைனஸ் 37 வரை தாங்கும்.

ஊற்றுவது மெல்லிய இழையாக இருக்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் கூலண்ட் கீழே போகும் வழியிலேயே காற்று மேலே வரத் தவிக்கும், பாதி உள்ளேயே மாட்டிக்கொள்ளும். மெக்கானிக்குகள் ஏர் லாக் என்பார்கள். அந்தக் காற்றுக்குமிழி ஹெட்டில் போய் உட்கார்ந்தால் அந்த இடத்தில் சூட்டை வாங்க ஆள் இல்லை. டெம்பரேச்சர் சென்சார் குமிழிக்குள் இருந்தால் மீட்டர் காட்டும் அளவையும் நம்ப முடியாது.

மூடி இருக்கும் கழுத்துதான் முழு அமைப்பிலும் உயரமான இடமாக இருக்க வேண்டும், காற்று மேலேதான் ஏறும். கழுத்து வலப்பக்கம் என்றால் சைடு ஸ்டாண்டில் இடப்பக்கம் சாய்ந்து நிற்பதே உதவி. இடப்பக்கம் என்றால் வண்டியை நேராக நிறுத்தி, முடிந்தால் கொஞ்சம் வலப்பக்கம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். கழுத்து வரை நிரப்பியதும் கீழ் ஹோஸைக் கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். மேலே பாருங்கள்: குப் குப்பென்று குமிழி வந்து உடையும், மட்டம் சரசரவென இறங்கும். ஊற்றுங்கள். மேல் ஹோஸை அமுக்குங்கள். மறுபடி இறங்கும். மறுபடி ஊற்றுங்கள். அமுக்கினால் குமிழி வராமல் மட்டம் மட்டும் ஏறி இறங்கும் நிலை வரும் வரை இதை விடக் கூடாது. சில வண்டிகளில் காற்றை விட என்றே தனி ஸ்குரூ இருக்கும். இருந்தால் அதைத் தளர்த்தி, குமிழி நின்று கூலண்ட் மட்டும் வரும்போது முறுக்குங்கள்.

அடுத்து மூடி திறந்தபடியே என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். முகத்தைக் கழுத்துக்கு நேராக வைக்காதீர்கள். ஐடிலில் ஓடும்போது குட்டிக் குமிழிகள் வந்துகொண்டே இருக்கும். ஆக்ஸிலரேட்டரை லேசாக ஓரிரு முறை கொடுத்துப் பாருங்கள், பெரிய குமிழி ஏதும் பதுங்கியிருந்தால் வெளியே வரும். தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மட்டம் சட்டென்று ஒரு விரற்கடை இறங்கும். அந்த இறக்கத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் நிற்கிறோம். நிரப்பிவிட்டு உடனே மூடியைப் போட்டு இறுக்குங்கள். மூடி இல்லாமல் ஃபேன் சுற்றும் சூடு வரை விட்டால் பொங்கி வழியும்.

மூடிய பிறகு ஃபேன் ஒரு முறை தானாகச் சுற்றி நிற்கும் வரை ஓட விடுங்கள். ஃபேன் வேலை செய்வதையும் இப்படியே பார்த்துவிடலாம். டிரெயின் போல்ட், கிளாம்ப் இருக்கும் இடங்களில் ஈரம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரிசர்வ் டேங்கில் லோவுக்கும் ஃபுல்லுக்கும் நடுவில் கூலண்ட் விட்டு வண்டியை ஆற விடுங்கள்.

முழுதாக ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியை மீண்டும் திறந்து பார்ப்பது கட்டாயம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கழுத்து வரை இல்லை என்றால் நிரப்புங்கள். பிளாஸ்டிக்கைப் பூட்டும் முன் பக்கத்துத் தெரு வரை ஒரு சுற்று ஓட்டி வந்து, ஆறிய பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

பிறகு கவனிக்க வேண்டியவை

அடுத்த சில நாள் காலையில் வண்டியை எடுக்கும் முன் நேராக நிறுத்தி ரிசர்வ் மட்டத்தைப் பாருங்கள். முதலில் சற்று இறங்கலாம், மிச்சக் காற்று வெளியேறுகிறது என்று பொருள். அதே கூலண்டைக் கொஞ்சம் சேருங்கள். அப்புறம் நிலையாக நிற்க வேண்டும். தொடர்ந்து இறங்கினால் கசிவு. ஓட்டும்போது ஏறியது ஆறிய பிறகும் திரும்பப் போகாமல் டேங்கிலேயே நின்றால் மூடியின் குட்டி வால்வு வேலை செய்யவில்லை. புது மூடி போட்ட பிறகும் அப்படியே என்றால், அதோடு சைலன்ஸரில் சூடான பிறகும் வெள்ளைப் புகை என்றால், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். மேல் ஹோஸ் கொதித்துக்கொண்டு ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் ஏர் லாக் இன்னும் இருக்கிறது, அல்லது தெர்மோஸ்டாட் மாட்டிக்கொண்டிருக்கிறது. மீட்டரில் சூட்டு எச்சரிக்கை வந்தால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைத்துவிடுங்கள். பக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி ஊற்றி ஓட்டிவிடலாம் என்று மூடியில் கை வைக்காதீர்கள், ஆறட்டும். வேறு வழியே இல்லாமல் பாட்டில் தண்ணீர் விட்டு வீடு வந்து சேர்ந்தால், அந்த வாரமே வடித்துக் கழுவி மாற்றுங்கள்.

பழைய கூலண்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்ட வேண்டாம். கிணறும் போரும் உள்ள வீட்டில் அது நம் குடிநீருக்கே வந்து சேரும். கழுவிய தண்ணீரிலும் கிளைகால் இருக்கிறது, முதல் இரண்டு முறை வடித்ததையும் சேர்த்துப் பிடித்து வையுங்கள். கேனை இறுக மூடி, மேலே விஷம் என்று பெரிதாக எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, கழிவுக் கூலண்டை முறையாகச் சேகரிக்கும் சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள். பழைய என்ஜின் ஆயில் கேனில் இதைக் கலக்காதீர்கள், கலந்தால் அந்த ஆயிலும் மறுசுத்திகரிப்புக்கு உதவாது. கடைசியாக, மாற்றிய தேதி, அப்போதைய கிலோமீட்டர், கூலண்டின் பிராண்டும் வகையும், தண்ணீர் கலந்த அளவு ஆகியவற்றை ஒரு ஸ்டிக்கரில் எழுதி சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். வழியில் எங்காவது கூலண்ட் சேர்க்க வேண்டி வந்தால், உள்ளே இருப்பது எது என்று மெக்கானிக்கிடம் காட்ட அது உதவும்.